தம்பி புழலிலிருந்து வருவதற்கு முன்பே

சகோதரி, ஏழு ஆண்டுச் சிறைவாசம் முடிந்து இன்னும் மூன்று மாதத்தில் உங்கள் தம்பி புழல் சிறையிலிருந்து விடுதலையாகிறார், வியாசர்பாடி வீட்டில் என்ன ஏற்பாடு செய்வது என்று கேட்டிருந்தீர்கள். இப்போதே கேட்டது மிக நல்லது.

அடுத்த முறை மனு பார்க்க, அதாவது சிறையில் அவரைச் சந்திக்க, போகும்போது சிறை நல அலுவலரைச் சந்திக்க அனுமதி கேளுங்கள். உள்ளே அவர் தையலோ பேக்கரி வேலையோ கற்றிருந்தால் சான்றிதழ் உண்டா என்று விசாரியுங்கள். சேர்ந்திருக்கும் கூலிப் பணம் எப்போது, எப்படிக் கைக்கு வரும் என்பதையும் கேட்டு வையுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு மூன்றையும் இன்றே எடுத்துப் பாருங்கள். பழைய கைப்பேசி எண் செயலிழந்திருந்தால் எல்லாமே அங்கேயே முட்டி நிற்கும். வேறு வழக்கு ஏதும் நிலுவையில் இருந்தால் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழையுங்கள்; காவலில் இருப்பவருக்கு இலவச வழக்கறிஞர் பெறுவது 1987ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை.

என் அண்ணன் வெளியே வந்த முதல் வாரம், டீக்கடையில் எல்லோரும் கைப்பேசியில் பணம் செலுத்துவதைப் பார்த்துத் திகைத்து நின்றார். சாலையைக் கடக்க என் கையைப் பிடித்துக்கொண்டார். இரவில் விளக்கை அணைத்தால் தூக்கம் வரவில்லை. அதனால் முதல் பத்து நாள் உறவினர் கூட்டம் வேண்டாம். வேலை எப்போது என்று யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கூட்டாளிகள் தேடி வந்தால் வாசலிலேயே நீங்கள் பேசி அனுப்புங்கள். அந்தப் பொறுப்பை அவர் தலையில் வைக்காதீர்கள்.

விடுதலை நாளன்று யாராவது ஒருவர் காலையிலேயே புழல் வாசலில் இருங்கள். மாற்றுத் துணியும் செருப்பும் கொண்டு போங்கள்.