பழைய டிவி கேமும் புதுப் பாட்டும்: கேள்வி பதில்

பழைய டிவி கேம் பெட்டிகளைத் தேடிச் சேர்ப்பதும், ஓடாமல் கிடப்பதைத் திறந்து சரிசெய்வதும் எனக்கு நெடுநாள் பழக்கம். வேலை நடக்கும் மேசையில் பாட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த இரண்டைப் பற்றியும் கேளுங்கள் என்று சொன்னதற்கு வந்தவற்றில், பலருக்கும் உதவும் என்று தோன்றிய கேள்விகளை எடுத்துக்கொண்டேன். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் இத்தனை பேர் எழுதியது எனக்குப் பெரிய சந்தோஷம்.

அண்ணா, 90களில் அப்பா வாங்கித் தந்த டிவி கேம் பரணில் கிடைத்தது. நிண்டெண்டோ என்றுதான் நினைத்திருந்தேன். பெட்டியில் வேறு ஏதோ பெயர். விலை போகுமா? (திருச்சி, 43)

நம் வீடுகளுக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை நகல்தான் தம்பி. நிண்டெண்டோ 1983 ஜூலையில் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் பெட்டியைப் பார்த்துத் தைவானிலும் சீனாவிலும் செய்த சில்லுகள் அவற்றுக்குள் இருக்கும். கேசட்டைக் கழற்றிப் பாருங்கள். சில்லு இருக்கவேண்டிய இடத்தில் கறுப்புப் பசை உருண்டையாக உறைந்திருந்தால் பெரும்பாலும் நகல்தான். '9999 இன் 1' என்று எழுதிய கேசட்டிலும் சில டஜன் விளையாட்டுகள்தான் பெயரும் கட்டமும் மாறித் திரும்பத் திரும்ப வரும்.

பெரிய விலை கிடைக்காது. ஆனால் விற்காதீர்கள் என்பேன். அசல் ஃபேமிகாமை இன்றும் ஜப்பானிலிருந்து வரவழைத்துவிடலாம். உங்கள் அப்பா வாங்கிய அந்த வகைப் பெட்டியை யாரும் பத்திரப்படுத்தவில்லை, அட்டையோடு கிடைப்பது அரிது.

அவசரப்பட்டு அடாப்டரைச் செருகிவிடாதீர்கள். அசல் ஃபேமிகாமுக்கு 10 வோல்ட் டிசி, நடு முனை நெகட்டிவ். அமெரிக்க நிண்டெண்டோவின் அடாப்டரோ 9 வோல்ட் ஏசி தரும், அதை ஃபேமிகாமில் செருகினால் பெட்டி போய்விடும். நகல் பெட்டிகளில் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. அடியில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள், அடாப்டர் முனையை மல்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள், அப்புறம் செருகுங்கள்.

மாரியோ இசையை இப்போது இணையத்தில் கேட்டால் வேகமாக ஓடுவதுபோல் இருக்கிறது. சின்ன வயதில் நிதானமாகக் கேட்ட ஞாபகம். ஞாபகம் தப்பா அண்ணா? (கோவை, 41)

ஞாபகம் சரி. இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுதலாம்.

ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி படம் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும். இந்தியாவில் இருந்தது பால் (PAL) என்ற டிவி முறை, நொடிக்கு 50. அந்தக் கால விளையாட்டுகளில் ஒவ்வொரு படம் மாறும்போதும் இசை ஓர் அடி முன்னே நகரும்படி எழுதியிருப்பார்கள். 60க்கு எழுதிய விளையாட்டை 50இல் ஓட்டினால் காலப்பிரமாணம் ஆறில் ஐந்து பங்காகக் குறையும். ஏறத்தாழ 17 சதவீதம் மந்தம். மாரியோ குதிப்பதும் அதே அளவு மெதுவாகிவிடும்.

சுருதிதான் இதில் வியப்பு. ஐரோப்பாவில் விற்ற அசல் பால் நிண்டெண்டோவில் செயலியின் வேகமும் 1.66 மெகாஹெர்ட்ஸாகக் குறைந்தது. அதனால் மாற்றி எழுதாத இசை மந்தமாவதோடு சுருதியும் இறங்கும். தைவான் சில்லுகளிலோ செயலி 1.77 மெகாஹெர்ட்ஸ், ஜப்பான் பெட்டியில் 1.79. காதுக்கு வித்தியாசம் தெரியாத அளவு. ஆகவே பால் முறைக்குச் செய்த நகல் பெட்டி வைத்திருந்த நம் பிள்ளைகள் கேட்டது சுருதி இறங்காத, தாளம் மட்டும் நிதானமான ஒரு மாரியோ. 1985இல் அதற்கு இசையமைத்த கோஜி கோண்டோ இந்த வடிவத்தை மனதில் வைத்து எழுதவில்லைதான். ஆனால் நாம் கேட்டு வளர்ந்தது இதைத்தான்.

இன்னொன்றும் உண்டு. அந்தச் சில்லில் ஐந்தே ஐந்து குரல்கள்: இரண்டு துடிப்பு அலை, தாழ்ந்த சுரங்களுக்கு ஒரு முக்கோண அலை, தாளத்துக்கு ஓர் இரைச்சல், சின்ன ஒலிப்பதிவுத் துண்டுகளை ஓட்ட ஒன்று. பல நகல் சில்லுகளில் துடிப்பு அலையின் இரண்டு வடிவங்கள் இடம் மாறியிருக்கும். மெலிந்து ஒலிக்கவேண்டிய இடம் தடித்தும், தடித்து ஒலிக்கவேண்டிய இடம் மெலிந்தும் வரும். உங்கள் பழைய பெட்டி ஓடினால் இசையைப் பதிவு செய்து வையுங்கள். அந்த ஒலி வேறெங்கும் கிடைக்காது.

கேசட்டை ஊதிப் போட்டால் ஓடுகிறதே, ஊதலாமா? (சேலம்)

வேண்டாம். மூச்சின் ஈரம் செம்பு முனைகளை அரிக்கும். ஊதியதால் ஓடவில்லை, கழற்றி மறுபடி செருகியதால் முனை ஒழுங்காகப் பொருந்தி ஓடியது. 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைக் காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடையுங்கள், நன்றாகக் காயவிட்டுச் செருகுங்கள். உப்புத்தாளைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

பழைய குமிழ் டிவியைப் போட்டாலே 'கீ...' என்று ஒரு சத்தம் வரும். இப்போது அப்படிப் பழைய டிவி ஒன்று வாங்கினேன், படம் அருமை, அந்தச் சத்தம் மட்டும் இல்லை. என் மகள் காதைப் பொத்துகிறாள்! டிவியில் கோளாறா? (சென்னை, 51)

டிவி நன்றாக இருக்கிறது. படத்தை வரி வரியாக வரையும் பகுதி பால் டிவியில் நொடிக்கு 15,625 முறை அதிரும். அந்த ஒலிதான் அது. வயது ஏறும்போது காது முதலில் விடுவது இந்த உச்ச ஒலிகளைத்தான். மகளுக்குக் கேட்டு உங்களுக்குக் கேட்காதது இயல்பு.

இதனால் இசை போய்விடாது. பியானோவின் கடைசிக் கட்டையே 4,186 ஹெர்ட்ஸ்தான். குரல், வீணை, நாகஸ்வரம் எல்லாவற்றின் சுரங்களும் அதற்குள் அடங்கிவிடும். மேலே உள்ளவை ஒலிக்குப் பளபளப்புத் தருபவை, அவை கொஞ்சம் மங்கும். நீங்கள் கவனிக்கவேண்டியது வேறு: கல்யாண மண்டபம் மாதிரி இரைச்சலான இடத்தில் எதிரில் பேசுபவர் சொல்வது புரியாமல் போகிறதா? அப்படியென்றால் காது மருத்துவரிடம் ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

பளபளப்பு குறைகிறதே என்று ஹெட்ஃபோன் சத்தத்தைக் கூட்டுவதுதான் எனக்குக் கவலை தரும் விஷயம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். பத்து டெசிபலுக்கு இவ்வளவு வித்தியாசம்.

அந்த டிவியின் பின்மூடியைத் திறக்காதீர்கள். குழாயில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், அணைத்த பிறகும் தங்கியிருக்கலாம்.

சார், முப்பது வயதுவரை பாட்டுதான் உயிர். இப்போது வருவது ஒன்றும் மனதில் ஒட்டவில்லை. பாட்டு கெட்டுவிட்டதா, எனக்கு வயதாகிவிட்டதா? (மதுரை, 58)

இரண்டும் இல்லை ஐயா. வேறொன்று நடந்திருக்கிறது.

1989இல் ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பல வயதினருக்கும் வெவ்வேறு காலத்து ஹிட் பாடல்களைப் போட்டுக் காட்டி, எது பிடிக்கிறது என்று கேட்டார்கள். சராசரியாக அவரவர் 23, 24 வயதில் வந்த பாடல்களே அதிகம் பிடித்தன. நினைவை ஆராய்பவர்களும் பத்து வயதிலிருந்து இருபதுகளின் கடைசிவரை நடந்தவை மற்ற காலத்தைவிட அழுத்தமாகப் பதிகின்றன என்கிறார்கள். முதல் வேலை, முதல் காதல், வீட்டை விட்டு வெளியே வந்தது, எல்லாவற்றோடும் ஒரு பாட்டு சேர்ந்தே பதிந்திருக்கிறது. இன்று வரும் பாட்டுக்கு அந்தத் துணை கிடையாது.

இது பாதிதான். மீதி, நாம் கேட்கும் முறை. அன்று ஒரு பாட்டை நீங்கள் தேர்ந்தெடுத்தா கேட்டீர்கள்? டீக்கடையில், டவுன் பஸ்ஸில், இலங்கை வானொலியில், கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரில் அது தானாக வந்து விழுந்தது. பிடிக்காவிட்டாலும் இருபது முப்பது முறை காதில் ஏறிவிடும். முன்பின் தெரியாத எழுத்துகளையும் முகங்களையும்கூடத் திரும்பத் திரும்பக் காட்டினால் பிடித்துப்போகிறது என்று உளவியலாளர் ராபர்ட் ஜயோன்ஸ் 1968இலேயே காட்டினார். பாட்டுக்கும் இது பொருந்தும். இன்று கையில் ஃபோன். இருபது நொடியில் பிடிக்கவில்லையென்றால் தள்ளிவிடுகிறோம். பல்லவி முடியும்முன் தள்ளிவிட்டு, ஒட்டவில்லை என்றால் பாட்டு என்ன செய்யும்?

ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு ஆல்பம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ சொன்னதாக இருக்கட்டும். முதல் வாரம் தீர்ப்புச் சொல்லாதீர்கள். சமைக்கும்போதோ நடக்கும்போதோ ஓடட்டும். இரண்டாம் வாரம் வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் உட்கார்ந்து கேளுங்கள். மாதக் கடைசியிலும் பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடலாம், கடமை ஒன்றும் இல்லை.

புதிது என்றால் இந்த வருடம் வந்ததாக இருக்கவேண்டும் என்றும் இல்லை. நீங்கள் கேட்டிராத எதுவும் உங்களுக்குப் புதிதுதான். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வர இசைத்தட்டுகளைக் கேட்டிருக்கிறீர்களா? தோடி ஆலாபனையில் தொடங்குங்கள். அல்லது, இளையராஜா பாட்டு மனப்பாடம் என்பீர்கள் அல்லவா, அதே பாட்டுகளைப் பேஸ் கிதாரை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். குரலுக்குக் கீழே தனியாக ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருப்பது தெரியும். 2025 மார்ச்சில் லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றியபோது அவருக்கு 81 வயது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, என் பையன் நாள் முழுக்க கேம் மியூசிக்தான் கேட்கிறான். அதில் கேட்க என்ன இருக்கிறது? (ஈரோடு, 62)

நிறைய இருக்கிறது அம்மா. கோயிச்சி சுகியாமா என்று ஒருவர், 1931இல் பிறந்தவர். டிவிக்கும் விளம்பரத்துக்கும் பாட்டுக்கும் இசையமைத்து ஜப்பானில் முன்பே பெயர் பெற்றவர். கேம் ஆடுவதில் தீராத ஆசை. எனிக்ஸ் என்ற கேம் நிறுவனம் வெளியிட்ட ஷோகி (ஜப்பானியச் சதுரங்கம்) விளையாட்டை ஆடிவிட்டு, அதோடு வந்த கருத்து அட்டையை நிரப்பி அனுப்பினார். அனுப்பியவர் யாரென்று பார்த்து அந்த நிறுவனமே அவரைத் தேடி வந்தது. அவர் இசையமைத்த அந்த நிறுவனத்தின் டிராகன் குவெஸ்ட் கேம் 1986இல் வெளியானபோது அவருக்கு 55 வயது. அடுத்த வருடமே டோக்கியோவில் அந்த இசையைக் கச்சேரியாக மேடையேற்றினார். 2021 டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் நாடுகளின் அணிவகுப்பு அவர் இசையோடுதான் தொடங்கியது. அதே வருடம் 90 வயதில் காலமானார். கடைசிவரை எழுதிக்கொண்டிருந்தார்.

டிராகன் குவெஸ்டின் ஆர்கெஸ்ட்ரா வடிவத்தைப் போடச் சொல்லி, பையன் பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை கேளுங்கள். எந்த இடத்தில் எந்த இசை வரும் என்று அவன் கதையோடு சொல்வான். அதையும் கேளுங்கள்.

கனடாவில் இருக்கிறோம் அண்ணா. என் பழைய போக்கிமான் கோல்ட் கேசட்டை மகனுக்குக் கொடுத்தேன். ஓடுகிறது, ஆனால் சேமித்தது எல்லாம் போய்விட்டது. (டொரண்டோ, பெண், 37)

உள்ளே இருக்கும் சிஆர்2025 பேட்டரி தீர்ந்துவிட்டது தங்கச்சி. அந்த கேசட்டுக்குள் கடிகாரமும் ஓடுவதால் மற்றவற்றைவிடச் சீக்கிரம் தீரும். திறக்க 3.8 மிமீ கேம்பிட் என்ற தனி வகைத் திருப்புளி வேண்டும். உலோகத் தகட்டுக் காதுகள் முன்பே பற்றவைத்த பேட்டரியாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் பேட்டரி மேல் நேராக ஈயம் வைத்தால் வெடிக்கலாம். போன சேமிப்பு திரும்பி வராது. வேறு கேசட்டுகள் இருந்தால், பேட்டரி தீரும்முன் அவற்றின் சேமிப்பை ரீடர் கருவியால் கணினிக்கு எடுத்து வையுங்கள்.

வாத்து சுடும் துப்பாக்கி புது எல்இடி டிவியில் வேலை செய்யவில்லை. (தூத்துக்குடி)

செய்யாது. விசையை அழுத்தியதும் திரை கறுத்து வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளையாகும், அந்த வெளிச்சத்தைத் துப்பாக்கி அதே கணத்தில் பிடிக்கவேண்டும். புது டிவி படத்தைக் கொஞ்சம் தாமதமாகத்தான் காட்டும். குமிழ் டிவிதான் வழி.

சீல் பிரிக்காத பழைய கேம் வாங்கி வைத்தால் பின்னால் நல்ல லாபம் வரும் என்கிறார்கள். வாங்கலாமா? (பெங்களூரு, 36)

2021இல் சீல் பிரிக்காத ஒரு சூப்பர் மாரியோ 64 பதினைந்து லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அந்தச் செய்தியைப் பார்த்து இறங்கியவர்கள்தான் அதிகம். அது விளையாட்டைச் சேர்ப்பது ஆகாது, பிளாஸ்டிக் உறையைச் சேர்ப்பது. ஆடப்போவதை வாங்குங்கள்.

கேம் பாய் அட்வான்ஸ் கேசட் வாங்கினால் போலியா என்று பாருங்கள். அசலில் லேபிளின் மேல் எண்கள் லேசாக அழுந்தியிருக்கும், முனைகளுக்கு மேலே உள்ள பலகையில் நிண்டெண்டோ பெயர் தெரியும். விற்பவரிடம் இந்த இரண்டையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

கடலோர ஊர், எப்போதும் ஈரம். எப்படிப் பாதுகாப்பது? வெள்ளைப் பெட்டி மஞ்சளாகிறது, வெளுக்கலாமா? (புதுச்சேரி, 49)

தீப்பிடிக்காமலிருக்க அந்த பிளாஸ்டிக்கில் புரோமின் சேர்மங்கள் கலந்திருப்பார்கள். வெயில் பட்டால் மஞ்சளாகும். ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுக்கலாம், ஆனால் மஞ்சள் திரும்பவும் வரும், சிலசமயம் திட்டுத் திட்டாகத் தங்கிவிடும். நான் அப்படியே விட்டுவிடுவேன்.

பரண் வேண்டாம், வெக்கை அதிகம். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள், மழைக்காலம் முடிந்ததும் பொட்டலத்தை மாற்றுங்கள். ஆடியோ கேசட்டுகளையும் அப்படியே, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். சில மாதங்களுக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் எடுத்து ஓட்டிப் பாருங்கள். எந்த அடாப்டர் எந்தப் பெட்டிக்கு என்று அடாப்டரின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.