கிரெவில்லியாவுக்கு இன்னும் எரு போடலாமா?

கேள்வி: மெல்பர்னுக்கு மேற்கே வெரிபியில் வசிக்கிறோம். தண்ணீர் அதிகம் தேவைப்படாது என்று சொன்னதால் போன அக்டோபரில் 'ராபின் கோர்டன்' ரக கிரெவில்லியா (ஆஸ்திரேலியப் பூப்புதர்) இரண்டு வாங்கி நட்டேன். கோழி எருக் குருணை செடிக்கு இரண்டு கை போட்டு, தினமும் சொட்டுநீர் விட்டேன். இப்போது ஏப்ரலில் கொழுந்து மஞ்சளடிக்கிறது, பழைய இலைகளின் நுனி கருகுகிறது. எரு போதவில்லையா?

பதில்: எரு அதிகம். இனி ஒரு பிடிகூடப் போடாதீர்கள்.

தழை, மணி, சாம்பல் சத்து (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம்) மூன்றும் கொடுத்தால்தான் செடி தேறும் என்பது நமக்கு ஊறிப்போன பாடம். கிரெவில்லியாவுக்கு அதில் மணிச்சத்துதான் வம்பு. ஆஸ்திரேலியாவின் பழைய மண்ணில் பெரும்பகுதி மணிச்சத்து குறைந்தது. அங்கே பிழைக்க இந்தக் குடும்பத்துச் செடிகள் பிரஷ் போல அடர்ந்த சல்லிவேர்க் கொத்துகளை விடும். அந்த வேர்கள் அமிலம் கசியவிட்டு, மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்து உறிஞ்சும். உறிஞ்சத் தெரியுமே தவிர, போதும் என்று நிறுத்தத் தெரியாது. மணிச்சத்து மிஞ்சினால் இரும்புச்சத்து பயன்படாமல் போய்க் கொழுந்து வெளிறும். கோழி எரு, எலும்புத்தூள், சூப்பர் பாஸ்பேட் எல்லாமே இதற்கு ஆகாது. (நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கும் ஒரு கிரெவில்லியாதான்.)

தினத்தண்ணீரும் சேர்ந்து கெடுத்திருக்கும். உங்கள் பக்கம் எரிமலைப் பாறையில் விளைந்த களிமண். ஈரத்தை விடாது, வேர் மூச்சுத் திணறும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: மிச்சமிருக்கும் குருணையை மேல்மண்ணோடு சுரண்டி எடுத்து எலுமிச்சைக்குப் போடுங்கள், அது சந்தோஷமாகச் சாப்பிடும். சொட்டுநீரை மூடிவிடுங்கள். இரும்புச் செலேட் (செடி எளிதில் உறிஞ்சும் வடிவ இரும்புச்சத்து) கரைசலை ஒருமுறை தெளித்தால் கொஞ்சம் பச்சை திரும்பும். தண்ணீர் விட்டுக் கழுவிவிடலாம் என்று நினைக்காதீர்கள். களிமண் மணிச்சத்தைப் பல வருஷம் பிடித்து வைத்திருக்கும். வசந்தத்திலும் (செப்டம்பர் முதல் நவம்பர் வரை) புதுத்தளிர் மஞ்சளாகவே வந்தால் பிடுங்கிவிடுவது நல்லது.

மாற்றுச் செடியை அதே குழியில் வைக்காதீர்கள். ஏப்ரல், மே இங்கே இலையுதிர்காலம், நடவுக்கு ஏற்றது. களிமண்ணில் ஆழமாகக் குழி வெட்டி நல்ல மண் நிரப்பினால் அது தண்ணீர்த் தொட்டியாகிவிடும். அதனால் 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு அகலமான மேடு போட்டு அதில் நடுங்கள். 5 முதல் 7 சென்டிமீட்டர் மரச்சிராய் மூடாக்கு போதும், தண்டை ஒட்டக் கூடாது. முதல் கோடையில் வாரம் ஒரு வாளி. இரண்டு கோடை தாண்டினால் வெப்ப அலை நாட்களில் மட்டும் ஊற்றினால் போதும். தண்ணீர் தேங்கும் மூலையாக இருந்தால் கிரெவில்லியா வேண்டாம், காலிஸ்டிமன் (பாட்டில் பிரஷ் செடி) வையுங்கள்.

தேறிவிட்டால் சுமார் ஒன்றரை மீட்டர் வளர்ந்து வருஷம் முழுக்கப் பூக்கும், தேனுக்குப் பறவைகள் சண்டை போடும். ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் நுனிகளை லேசாகக் கவாத்து செய்யுங்கள். அப்போது கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். இந்த ரகத்தின் இலை பட்டால் சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும்.