வரப்பைத் தள்ளி வெட்டுகிறவருக்கு என்ன பேர்?

கேள்வி: சிறுகதை எழுதுகிறேன். அதில் தம்பி, வருஷா வருஷம் வரப்பை ஒரு சாண் தள்ளி வெட்டிப் பக்கத்து வயலைச் சேர்த்துக்கொள்கிறவர். அண்ணன், பேரனுக்கு ஒரு மிட்டாய்கூட வாங்கித் தராதவர். இருவரையும் 'பேராசைக்காரர்' என்று எழுதினேன். நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை. வேறு சொல் உண்டா?

பதில்: நண்பர் சொன்னது சரி. தம்பிக்கு அடுத்தவர் பொருள் வேண்டும். அண்ணனுக்குத் தன் பொருள் கைவிட்டுப் போகக்கூடாது. பழந்தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருந்தது.

பிறர் பொருள்மேல் கண் வைப்பது வெஃகுதல். கொடுக்க வேண்டிய இடத்திலும் கொடாமல் இறுக்கிப் பிடிப்பது இவறல். திருக்குறளில் வெஃகாமை (18ஆம் அதிகாரம்) இல்லறத்தானுக்குச் சொன்னது. இவறல், 432ஆம் குறளில் ஆள்பவனுக்கு ஆகாத குற்றம். ஆசையையே வேரோடு வெட்டச் சொல்லும் 'அவாவறுத்தல்' (37) துறவிக்கு. குடும்பஸ்தனிடம் வள்ளுவர் அவ்வளவு கேட்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஆனால் கதையில் 'வெஃகினான்' என்று எழுதினால் யாருக்கும் புரியாது. 'அடுத்தவன் சொத்துக்கு அலைகிறான்' போதும். அண்ணனுக்குக் கருமி, கஞ்சன், பிசினாறி என்று நிறைய உண்டு. மருமகள் வாயில் வருவதானால் நான் 'பிசினாறி'யை எடுப்பேன்.

'லோபி'யில் கொஞ்சம் கவனம். வடமொழியில் லோபம் என்றால் பேராசை. தமிழுக்கு வந்த லோபியோ கஞ்சன். அதனால் தம்பிக்குப் பொருந்தாது. (ஆங்கில 'லவ்'வும் இந்த லோபமும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது வேடிக்கை.) 'ஆசை'யும் இப்படித்தான் திரிந்தது: ஆசா என்றால் வடமொழியில் நம்பிக்கை, எதிர்பார்ப்பு. இந்தியில் இன்றும் 'ஆஷா' அதுதான்.

தம்பியைப் பஞ்சாயத்துத் தேர்தலில் நிறுத்தினால் இன்னொரு சொல் கிடைக்கும். 'வேள்' என்றால் விரும்பு. அதில் பிறந்ததுதான் வேட்கை. வேட்பாளரும் அதே குடும்பம்.

அப்புறம், பேராசையை வீணாக்க வேண்டாம். ஒரே வருஷத்தில் இரட்டிப்பாகத் தருகிறோம் என்ற கம்பெனியில் மனைவியின் நகையை விற்றுப் பணம் போடுகிறவர் ஒருவர் கதையில் வந்தால், அவருக்கு வையுங்கள். கம்பெனி மூடிய பிறகும் தினம் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வருகிறாரே, அது நப்பாசை.