நடைச்சீட்டு

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்குச் சூரிய தசை என்று மாணிக்கம் போடச் சொல்லிவிட்டார் ஜோசியர். கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் 'அசல் பர்மாக் கல்' காட்டினார்கள். அந்தப் பணம் மியான்மர் ராணுவத்துக்குப் போகிறது என்று படித்தேன். வைரத்துக்குச் சான்றிதழ் உண்டாமே, அதையே வாங்கிவிட்டால் மனசு உறுத்தாது இல்லையா? நீங்கள் ஜோசியத்தை நம்புவீர்களா?

ர., காவேரிப்பட்டினம்

அன்புள்ள ர.,

ஜோசியத்தை விடுங்கள், அது அம்மாவின் பாடு. பர்மாக் கல் பற்றிப் படித்தது சரிதான். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது; ஏப்ரலில் அங்குள்ள அரசு ரத்தினக்கல் நிறுவனத்துக்கு அமெரிக்கா தடை போட்டது. விலையை ஏற்றுவதற்காகக் கடைக்காரர் சொல்லும் பெயரே நம்மைத் தடுக்க வேண்டிய பெயர்.

ஆனால் 'சான்றிதழ் உண்டாமே' என்ற இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். இளவயதில் பர்கூர்ப் பக்கம் ஒரு கிரானைட் குவாரியில் இரண்டு வருஷம் கணக்கெழுதினேன். லாரிக்கு ஒரு நடைச்சீட்டு: எந்தக் குழிக் கல், எத்தனை கன மீட்டர், எப்போது கிளம்பியது. தேதியையும் நேரத்தையும் எழுதாமல் விடச் சொல்வார் முதலாளி. செக்போஸ்ட்டில் மறித்தால் டிரைவர் நிரப்பிக்கொள்வார். மறிக்காத நாளில் அதே சீட்டு மூன்று நடை ஓடும். சட்டைப்பையில் வியர்வையில் ஊறி, மடிப்பில் கிழிந்து திரும்பி வரும். சோற்றுப் பருக்கை வைத்து நானே ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். ஒன்றுகூடப் போலி கிடையாது. எல்லாம் அசல் சீட்டு, அசல் முத்திரை.

நீங்கள் சொல்லும் வைரச் சான்றிதழுக்குக் கிம்பர்லி சான்றிதழ் என்று பெயர்; 2003-ல் நடைமுறைக்கு வந்தது. சியரா லியோனில் வைரம் விற்றுத் துப்பாக்கி வாங்கி, ஊர் ஜனங்களின் கைகளை வெட்டிய கிளர்ச்சிப் படை போன்றவர்களைத் தடுக்க வந்த ஏற்பாடு. நல்ல காரியம்தான். ஆனால் அது பட்டை தீட்டாத வைரப் பொட்டலத்துக்கான சீட்டு. சூரத்தில் பட்டை தீட்டி மோதிரத்தில் ஏறிய கல்லுக்கு அது துணை வராது. அப்புறம், கிளர்ச்சிக்காரன் விற்றால்தான் அந்தக் கணக்கில் ரத்த வைரம். 2008-ல் ஜிம்பாப்வேயின் மராங்கேயில் தோண்டியவர்களைச் சுட்டது அரசு ராணுவம். 2011-ல் அந்த ஊர்க் கல்லுக்கும் ஏற்றுமதி அனுமதி கிடைத்தது.

மனசு உறுத்தாது என்கிறீர்களே தம்பி, கல்லோடு நிம்மதியையும் தராசில் வைத்துத் தரச் சொன்னால் எப்படி? எந்தக் குழி, யார் யார் கை மாறி வந்தது என்று கடைக்காரரைக் கேட்டீர்களா? எதிரில் நின்றவரை விட்டுவிட்டு எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். இருந்தாலும் எழுதினீர்களே, அதற்காகவே உங்களைப் பிடித்துப்போயிற்று.

பாட்டியின் பழைய தோடு, மூக்குத்தி ஏதாவது பெட்டியில் கிடக்கிறதா பாருங்கள். சிவப்புக் கல் இருந்தால் ஆசாரியிடம் கொடுத்து மாற்றிக் கட்டிக்கொள்ளலாம். அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று மட்டும் எனக்கு இன்னொரு கடிதம் போடாதீர்கள்.