வீட்டில் செய்யும் டாட்டூ மெஷினுக்கு எந்தக் கெப்பாசிட்டர் சரி? 22, 47, 100 என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பழைய ரேடியோவில் கழற்றியது போதுமா?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். உங்களுடையது காயில் மெஷினா, மோட்டார் மெஷினா? கேசட் பிளேயர் மோட்டாரில் செய்தது என்றால் இந்த மூன்று எண்களுமே தேவையில்லை. மோட்டாரின் இரு முனைகளுக்கும் குறுக்கே 104 என்று அச்சிட்ட சின்ன செராமிக் ஒன்றை (0.1 மைக்ரோஃபாரட்) வைத்தால் பிரஷ் கிளப்பும் மின் இரைச்சல் குறையும். அவ்வளவுதான். 22, 47 என்று கேட்பதால் காயில் மெஷின் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

என் பதில்: 47 மைக்ரோஃபாரட், 50 வோல்ட், முடிந்தால் பைபோலார் (பிளஸ் மைனஸ் பார்க்காமல் இணைக்கக்கூடியது). லைனருக்கு (கோடு போடும் மெஷின்) 22, ஷேடருக்கு (நிழல் நிரப்பும் மெஷின்) 47 என்பது பரவலான வழக்கம். தவறில்லை, ஆனால் அந்த வித்தியாசத்துக்குத் தரப்படும் மரியாதை கொஞ்சம் அதிகம். ஏன் என்று சொல்கிறேன்.

காயில் மெஷின் என்பது அடிப்படையில் பழைய மின்சார மணி. மின்சாரம் காயிலில் பாய்கிறது, காயில் ஆர்மேச்சரை (ஊசியை அசைக்கும் இரும்புத் துண்டை) கீழே இழுக்கிறது, இழுத்ததும் முன் ஸ்பிரிங் கான்டாக்ட் ஸ்க்ரூவை விட்டு விலகுகிறது, இணைப்பு அறுகிறது, பின் ஸ்பிரிங் ஆர்மேச்சரை மேலே தூக்குகிறது. நொடிக்கு நூறு தடவை போல இது நடக்கிறது. சிக்கல் எல்லாம் இணைப்பு அறும் அந்தக் கணத்தில்தான். காயிலில் ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரம் சட்டென நிற்காது. போக வழியில்லாவிட்டால் வோல்டேஜ் எகிறி, அந்தச் சின்ன இடைவெளியைத் தீப்பொறியாகத் தாண்டும். ஸ்பிரிங்கும் ஸ்க்ரூ முனையும் கருகிக் குழி விழுவது இதனால்தான். காயிலுக்கு இணையாக ஒரு கெப்பாசிட்டர் இருந்தால் மின்சாரம் அதற்குள் போய்விடும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு காயிலும் சேர்ந்து 3 மில்லிஹென்றி, அறும்போது ஓடுவது 1.5 ஆம்பியர், சப்ளை 8 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். கம்பியின் ரெசிஸ்டன்ஸில் வீணாவதைக் கழிக்காமல் பார்த்தால், 47 போட்ட மெஷினில் வோல்டேஜ் அதிகபட்சம் 14 வரை போகும். 22 போட்டால் 19. ஆக, 8 வோல்டில் ஓடும் மெஷினுக்கு 10 வோல்ட் கெப்பாசிட்டர் ஏன் ஆகாது என்பது புரியும். 35 போதும், 50 நிம்மதி.

இதே கணக்கில் இன்னொன்றும் கிடைக்கிறது. அறுந்த பிறகு காயில் மின்சாரம் முதல் தடவை பூஜ்யத்தைத் தொட 22இல் சுமார் 0.5 மில்லிநொடி, 47இல் 0.8, 100இல் 1.3. அலை முழுதாக அடங்க இன்னும் கொஞ்சம் ஆகும். ஆனால் நொடிக்கு நூறு அடி என்றால் ஒரு அடிக்கே 10 மில்லிநொடி இருக்கிறது. 22க்கும் 100க்கும் உள்ள வேறுபாடு அதில் முக்கால் மில்லிநொடி! வேகம் ஏறவில்லை, அடி தளர்வாக இருக்கிறது என்று கெப்பாசிட்டரை மாற்றி மாற்றிப் போடுகிறவர்கள் தொட வேண்டியது ஸ்பிரிங்கையும் கான்டாக்ட் இடைவெளியையும்தான். ஆர்மேச்சரைக் கீழே அழுத்திப் பிடித்தால் தெரியும் அந்த இடைவெளி லைனருக்கு ஒன்றரை மில்லிமீட்டரை ஒட்டியும், ஷேடருக்கு இரண்டை ஒட்டியும் இருக்கட்டும். அதைச் சரிசெய்த பிறகு கெப்பாசிட்டரைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

சரி, 100 போட்டால் தீப்பொறி இன்னும் குறையுமே என்று தோன்றும். குறையும்தான். ஆனால் ஸ்பிரிங் மறுபடி ஸ்க்ரூவைத் தொடும்போது கெப்பாசிட்டர் சப்ளையிலிருந்து ஒரே மூச்சில் மின்சாரத்தை உறிஞ்சும். கெப்பாசிட்டர் பெரிதானால் அந்த உறிஞ்சலும் பெரிது. தொடும் முனை லேசாக உருகி ஒட்டிக்கொள்ளக்கூட வாய்ப்புண்டு. பிரிவதைக் காப்பாற்றப் போய்ச் சேர்வதில் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பைபோலார் ஏன்? மேலே சொன்ன 14 வோல்ட் வருவது தலைகீழாக. இணைப்பு அறுந்ததும் காயிலின் வோல்டேஜ் திசை மாறிவிடும். சாதாரண எலெக்ட்ரோலிட்டிக்கைப் பிளஸ் மைனஸ் பார்த்து இணைத்தாலும், ஒவ்வொரு அடியிலும் ஒரு கணம் அது எதிர்த் திசை வோல்டேஜை வாங்குகிறது. கணநேரம் என்பதால் தாங்குகிறது, பலரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். கிளிப் கார்டை (சப்ளையை மெஷினோடு இணைக்கும் கம்பியை) மாற்றிச் செருகிவிட்டால்தான் சீக்கிரம் வீங்கும். பைபோலாரில் இந்தத் தலைவலியே இல்லை. ஆடியோ கிராஸ்ஓவர் போர்டுகளில் வருவது இந்த ரகம்தான். டான்டலம் மட்டும் வேண்டவே வேண்டாம்: எதிர்த் திசையும் பிடிக்காது, திடீர் மின்சாரமும் பிடிக்காது, கெட்டால் ஷார்ட்டாகி எரியும்.

பழைய ரேடியோவில் கழற்றியது பற்றி: எண் சரியாக இருந்தாலும் உள்ளே இருக்கும் திரவம் காய்ந்திருக்கலாம். மல்டிமீட்டரில் அளவு சரியாகக் காட்டியும் உள் ரெசிஸ்டன்ஸ் ஏறியிருந்தால் தீப்பொறியை அடக்காது. புதிதே வாங்குங்கள், 105 டிகிரி (தாங்கும் வெப்பம்) என்று போட்டதாக. விலையில் மிச்சம் பிடிக்க வேண்டிய பாகம் இதுவல்ல.

இணைக்கும்போது ஒரு கால் முன் காயில் கம்பியோடு, இன்னொரு கால் பின் காயில் கம்பியோடு. இந்த மெஷினில் அதிர்வு ஓயாது, கால் ஒடிவது சகஜம். அதனால் ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் குழாய்) மாட்டி, உடலையும் காயிலோடு சேர்த்து இறுக்கிக் கட்டுங்கள். ஓடிக்கொண்டிருந்த மெஷினில் திடீரென வெள்ளையாகப் பெரிய பொறி வந்து சத்தம் கரகரத்தால், முதலில் பார்க்க வேண்டியது ஒடிந்த காலைத்தான்.

கடைசியாக சப்ளை. ட்ரான்ஸ்ஃபார்மரோ முறையான அடாப்டரோ, மெயின் லைனிலிருந்து தனிமைப்படுத்தியதாக இருக்க வேண்டும். கெப்பாசிட்டரை வைத்து வோல்டேஜை இறக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாத சர்க்யூட்டைக் கையில் பிடிக்கும் கருவிக்குத் தரவே கூடாது, ஷாக்கில் உயிரே போகலாம். ஓட்டிப் பார்ப்பது பயிற்சிக்கான செயற்கைத் தோலில் மட்டும். மனிதத் தோல் என்றால் ஹெபடைடிஸ் பி, சி எல்லாம் கணக்கில் வரும், அதற்கு எந்தக் கெப்பாசிட்டரும் உதவாது.