கெமிக்கல் போட்ட ரேயான் தேயாதா?

கேள்வி: மகளுக்குக் கல்முனையில் ஒரு புடவைக்கடையில் ரேயான் சல்வார் வாங்கினேன். "கெமிக்கல் ட்ரீட்மென்ட் செய்த துணி, சுருங்காது, தேயாது" என்று சொல்லித்தான் தந்தார்கள். சுருங்கவில்லை, உண்மைதான். ஆனால் இரண்டு மாதத்துக்குள் கைக்குக் கீழேயும் தொடைப் பக்கமும் நைந்து பஞ்சு எழும்பிவிட்டது. என்னை ஏமாற்றிவிட்டார்களா?
— வாசகி, பாண்டிருப்பு

பதில்: கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதிதான் சிக்கல். சுருங்காமல் இருக்கப் போட்ட மருந்தே உங்கள் துணி சீக்கிரம் தேயக் காரணமாக இருந்திருக்கலாம்.

ரேயான் என்று இங்கே விற்பது பெரும்பாலும் விஸ்கோஸ். மரக்கூழைக் கரைத்து நாராக இழுப்பது. பருத்தியும் இதுவும் செல்லுலோஸ் என்ற தாவரப் பொருள்தான். ஆனாலும் பருத்தி நனைந்தால் பலம் கூடும், விஸ்கோஸ் நனைந்தால் ஏறக்குறையப் பாதிப் பலத்தை இழந்துவிடும். தண்ணீர் உள்ளே புகுந்து நார் ஊதுவதால்தான் துணி சுருங்குவதும் கசங்குவதும். அதைத் தடுக்க ஆலையில் டி.எம்.டி.எச்.இ.யு. என்ற பிசினில் துணியைத் தோய்த்து, சூட்டில் வாட்டுவார்கள். நாருக்குள் இருக்கும் மூலக்கூற்றுச் சங்கிலிகளுக்கிடையே அது பாலம் போட்டுவிடும். அதன்பிறகு சங்கிலிகள் நகராது, துணி கசங்காது. ஆனால் உராயும்போது நாரால் வளைந்து கொடுக்கவும் முடியாது; முறியும். பிசின் கூடக்கூடத் தேய்மானத்தைத் தாங்கும் சக்தி குறைந்துகொண்டே போகும்.

நல்ல ஆலைகளுக்கு இது தெரியும். பிசினை அளவோடு போட்டு, அதே தொட்டியில் பொலிஎத்திலீன் குழம்போ சிலிக்கோனோ சேர்ப்பார்கள். இழைகள் ஒன்றோடொன்று உரசாமல் வழுக்கிப் போகும், துணி கூடுதல் காலம் நிற்கும். மலிவுத் துணியில் இந்தச் செலவைத்தான் முதலில் வெட்டுவார்கள். ஆகவே "கெமிக்கல் போட்டதா?" என்று கேட்காதீர்கள், "எதற்குப் போட்டது?" என்று கேளுங்கள். சுருங்காமல் இருக்க என்று பதில் வந்தால், தேயாது என்பதற்கு அது உத்தரவாதமே இல்லை.

மரக்கூழிலிருந்தே எடுக்கும் இன்னொரு நாரான லயோசெல் வேறு மாதிரி. நனைந்தும் பலம் அதிகம் குறையாது, ஆனால் ஈரத்தில் உரசினால் பனை நார் கிழிவதுபோல நீளவாக்கில் மயிர் மயிராகப் பிரியும். கறுப்புக் காற்சட்டை வெளிறித் தெரிவது அதனால்தான். சாயம் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இதற்கு நாரை முதல் தடவை உலர்த்துவதற்கு முன்பே பாலம் போட்டுத் தயாரிக்கும் லயோசெல் வகைகள் உண்டு: டென்செல் என்ற வணிகப் பெயரில் வரும் டென்செல் ஏ100, டென்செல் எல்எஃப். எழும்பிய மயிரை நொதியால் (என்சைம்) அரித்து எடுப்பதும் உண்டு.

வாங்கும்போது துணியை வெளிச்சத்தில் பிடித்து, நெசவு நெருக்கமா என்று பாருங்கள். கடைக்காரர் விட்டால் உள்மடிப்பில் ஈரக் கைக்குட்டையால் கொஞ்சம் உரசிப் பாருங்கள். அப்போதே பஞ்சு எழும்பினால் வைத்துவிட்டு வாருங்கள். கடுமையாகப் பாவிக்கும் உடுப்பென்றால் நைலோன் அல்லது பொலியெஸ்டர் கலந்ததே மேல், எங்கள் வெக்கைக்குக் கொஞ்சம் புழுங்கினாலும். மருதமுனைப் பருத்திச் சாரத்தைக் கிணற்றடிக் கல்லில் அடித்துத் தோய்த்த கை ரேயானுக்கு ஆகாது. உட்புறம் வெளியே திருப்பி, அடிக்காமல், முறுக்கிப் பிழியாமல் தோய்த்துக் காயப்போடுங்கள்.

"தேயாது" என்று சொல்லி விற்றது ஒரு வாக்குறுதி. பற்றுச்சீட்டோடு முதலில் கடைக்குப் போங்கள். மறுத்தால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், ஆகவே பிந்த வேண்டாம். விவரம் கேட்க 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள்.

கேள்வி: குழந்தைக்கு வாங்கிய புது ரேயான் சட்டையில் மூக்கை அரிக்கும் மணம் வருகிறது. போடலாமா?
— வாசகர், காத்தான்குடி

பதில்: தோய்க்காமல் போட வேண்டாம். மேலே சொன்ன பிசின் வகைகளில் சில ஃபோர்மல்டிஹைட் என்ற வாயுவை வெளிவிடும்; அது தோலையும் கண்ணையும் உறுத்தும். தோய்த்துக் காற்றாட உலர்த்தினால் பெரும்பாலும் குறையும். இரண்டு தரம் தோய்த்தும் மணம் போகவில்லை என்றால் திருப்பிக் கொடுங்கள். குழந்தை உடுப்பில், தீங்கான இரசாயனங்களுக்குச் சோதித்த துணி என்று காட்டும் ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 முத்திரை இருந்தால் நல்லது. தோலில் படும் பெரியவர் துணிக்குக் கிலோவுக்கு 75 மில்லிகிராம் ஃபோர்மல்டிஹைட் வரை விடும் அந்தத் தரம், மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் துணியில் 16 மில்லிகிராமுக்கு மேல் விடுவதில்லை.