தைராய்டால் கண்ணில் உறுத்தல்: கொலஸ்ட்ரால் மாத்திரையைத் தொடங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. தைராய்டு அதிகமாகச் சுரக்கும் 'கிரேவ்ஸ்' நோய் என்று எட்டு மாதங்களுக்கு முன் கண்டுபிடித்தார்கள். கார்பிமசோல் சாப்பிடுகிறேன், படபடப்பு போய்விட்டது. ஆனால் இரண்டு மாதமாகக் கண்ணில் மண் விழுந்ததுபோல் உறுத்தல். காலையில் இமை வீங்கியிருக்கிறது, கண் சற்றுப் பிதுங்கித் தெரிவதாக வீட்டில் சொல்கிறார்கள். நோய் தெரிந்தபோது நார்மலாக இருந்த எல்.டி.எல். என்னும் கெட்ட கொலஸ்ட்ரால் இப்போது 168. டாக்டர் அட்டோர்வாஸ்டாட்டின் 20 மி.கி. எழுதியிருக்கிறார். அது கண்ணைக் கெடுத்துவிடும் என்கிறார் அக்கா. அதுவே கண்ணையும் குணமாக்கும் என்கிறார் உடன் வேலை பார்ப்பவர். யார் சொல்வது சரி?

பதில்: அக்காவின் பயம் தேவையில்லை. உடன் வேலை பார்ப்பவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மாத்திரையைத் தொடங்கும் முன் தைராய்டு அளவைக் காட்டும் டி.எஸ்.ஹெச். ரத்தப் பரிசோதனையைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள்.

தைராய்டு அதிகமாகச் சுரக்கும்போது உடல் கொலஸ்ட்ராலை வேகமாகச் செலவழிக்கும், அதனால் அளவு குறைவாகக் காட்டும். சுரப்பு கட்டுக்குள் வந்ததும் உங்கள் உண்மையான அளவு வெளியே தெரியும். எட்டு மாதத்தில் ஏறியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. கார்பிமசோல் தேவைக்கு அதிகமாகி, தைராய்டு குறைந்துபோயிருந்தாலும் எல்.டி.எல். ஏறும். அப்படியானால் முதலில் சரிசெய்ய வேண்டியது கார்பிமசோல் அளவைத்தான். தைராய்டு குறைவாக இருக்கும்போது ஸ்டாட்டின் (அட்டோர்வாஸ்டாட்டின் சேர்ந்த மருந்து வகை) எடுத்தால் தசைவலி வரும் வாய்ப்பு கூடுதல். கண் பிரச்சினையும் மோசமாகும். ஆறு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால் டி.எஸ்.ஹெச்., தைராய்டு ஹார்மோன் அளவான ஃப்ரீ டி4 இரண்டையும் மறுபடி பாருங்கள். கல்லீரல் பரிசோதனையும் சேர்த்துச் செய்துவிடலாம், ஏனென்றால் இரண்டு மாத்திரைகளுமே அரிதாகக் கல்லீரலைத் தொடும்.

சரி, கண்ணுக்கு வருவோம். கிரேவ்ஸ் நோயில் நோய் எதிர்ப்பு மண்டலம் தைராய்டைத் தாக்குவதுபோல் விழிக்குப் பின்னால் உள்ள திசுக்களையும் தாக்குகிறது. அங்குள்ள கொழுப்பும் தசைகளும் வீங்க, எலும்புக் குழிக்குள் இடமில்லாமல் விழி முன்னால் தள்ளப்படுகிறது. ஸ்டாட்டின் கொலஸ்ட்ராலைக் குறைப்பதோடு அழற்சியையும் ஓரளவு தணிக்கும். ஸ்டாட்டின் சாப்பிட்டு வந்த கிரேவ்ஸ் நோயாளிகளுக்குக் கண் பாதிப்பு குறைவாக வந்ததை அமெரிக்காவிலும் சுவீடனிலும் பார்த்திருக்கிறார்கள். 2021-ல் இத்தாலியின் பீசா நகர மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், கண் பாதிப்பு நடுத்தரத்துக்கு மேல் இருந்த, கொலஸ்ட்ராலும் அதிகமாக இருந்த 88 பேருக்கு நரம்பு வழியாக ஸ்டீராய்டு கொடுத்தார்கள். அதில் பாதிப் பேருக்குக் கூடவே அட்டோர்வாஸ்டாட்டின் 20 மி.கி., அதாவது உங்களுக்கு எழுதிய அதே அளவு. 24 வாரம் கழித்து, மாத்திரையும் எடுத்தவர்களில் 51 சதவீதம் பேருக்குக் கண் தேறியிருந்தது. ஸ்டீராய்டு மட்டும் எடுத்தவர்களில் 28 சதவீதம்.

நல்ல சேதிதான். ஆனால் இது சிறிய ஆய்வு, அதிலும் ஸ்டாட்டின் தனியாகக் கொடுக்கப்படவில்லை. அதனால் கொலஸ்ட்ராலுக்காக மாத்திரையைச் சாப்பிடுங்கள், கண்ணுக்கு நன்மை கிடைத்தால் கூடுதல் லாபம். அதை நம்பிக் கண் டாக்டரைத் தள்ளிப்போட வேண்டாம். கர்ப்பத்துக்கு வாய்ப்பிருந்தால் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். தொடை, தோள் தசைகளில் புதிதாக வலி வந்தாலும் சொல்லுங்கள்.

இன்றிரவு ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் தூங்கிய பிறகு வீட்டில் யாரையாவது மெல்லிய டார்ச் வெளிச்சத்தில் உங்கள் இமையைப் பார்க்கச் சொல்லுங்கள். இமைகளுக்கு நடுவே வெள்ளைக் கோடு தெரிந்தால் கண் முழுதாக மூடவில்லை, இரவெல்லாம் கருவிழி காய்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். உறுத்தலுக்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். பகலில் செயற்கைக் கண்ணீர் சொட்டு, படுக்கும்போது கண்ணுக்கான ஜெல், தலையணையைச் சற்று உயர்த்திப் படுப்பது – இந்த மூன்றிலேயே பலருக்குக் காலை வீக்கமும் எரிச்சலும் குறைகிறது. லேசான பாதிப்புக்குச் செலினியம் என்னும் தாதுச்சத்து மாத்திரை ஆறு மாதம் தருவதுண்டு, டாக்டர் சொன்னால் மட்டும்.

புகைபிடிப்பது பற்றி நீங்கள் எழுதவில்லை. பிடித்தால் இன்றே விடுங்கள். வீட்டில் வேறு யாராவது பிடித்தால் உங்கள் கண்ணுக்காக அவரிடம் கெஞ்சியாவது நிறுத்தச் சொல்லுங்கள். இந்தக் கண் நோயைப் புகை அளவுக்கு மோசமாக்கும் பழக்கம் வேறில்லை. தைராய்டுக்கு ரேடியோ அயோடின் (கதிரியக்க அயோடின் சிகிச்சை) கொடுக்கும் பேச்சு வந்தாலும், கண் பிரச்சினை இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். அது கண்ணை மோசமாக்கக்கூடும், தடுக்க ஸ்டீராய்டு சேர்த்துத் தருவார்கள்.

அப்புறம், வாரம் ஒருமுறை ஒவ்வொரு கண்ணாக மூடி, ஒரே சிவப்புப் பொருளைப் பாருங்கள். ஒரு கண்ணில் சிவப்பு வெளிறித் தெரிந்தாலோ, பார்வை மங்கினாலோ, ஒரே பொருள் இரண்டாகத் தெரிந்தாலோ, கண்ணில் கடும் வலி வந்தாலோ, அன்றே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். தைராய்டு டாக்டரைப் பார்க்கும் அடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டாம்.